பேட்டரி மேல் பழி போடும் முன்: பழைய பைக்கில் சார்ஜ் ஏறும் விதம்

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ஹாரன் முனகுகிறது. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான் முதலில் வரும் பதில். மாற்றியதும் வண்டி ஓடும். நாலைந்து மாதத்தில் அதே இடத்தில் வந்து நிற்கும். இந்த முறை "இப்பல்லாம் எந்த பேட்டரியும் உழைக்கிறதில்ல" என்ற புலம்பலும் சேர்ந்துகொள்ளும்.

பேட்டரிக்கும் ஆயுள் உண்டு, அது சாகத்தான் செய்யும். ஆனால் பத்து, பதினைந்து வயதைத் தாண்டிய வண்டியில் பேட்டரி அடிக்கடி செத்தால், அதைக் கொல்வது வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலும் ஏதாவது ஒரு கப்ளருக்குள், அதாவது வயர்களைச் சொருகி இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்புக்குள். இதைப் புரிந்துகொள்ள எலக்ட்ரிகல் படிப்பு வேண்டாம். மாடித் தண்ணீர்த் தொட்டி எப்படி நிரம்புகிறது என்று தெரிந்தால் போதும்.

## மோட்டார், தொட்டி, வழிகுழாய்

கீழே மோட்டார் ஓடுகிறது, மேலே தொட்டி நிரம்புகிறது, வீட்டுக் குழாய்களில் தண்ணீர் போகிறது. பைக்கில் மோட்டாரின் வேலையைச் செய்வது மெக்கானிக்குகள் மேக்னெட் என்று சொல்லும் பகுதி. தொட்டிதான் பேட்டரி. ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் வீட்டுக் குழாய்கள்.

ஒரே ஒரு வித்தியாசம். இந்த மோட்டாருக்கு சுவிட்ச் கிடையாது. என்ஜின் சுற்றும் வரை அதுவும் ஓடியே ஆகவேண்டும். என்ஜின் வேகமாகச் சுற்றினால் தண்ணீரும் வேகமாக ஏறும். தொட்டி நிரம்பிய பிறகும் ஏறும். மிஞ்சுவதை வெளியேற்ற ஒரு வழிகுழாய் வைத்தே ஆகவேண்டும். பழைய பைக்குகளின் மின்கோளாறுகளில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

மேக்னெட்டில் இரண்டு பாகம். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் காந்தச் சக்கரம் ரோட்டார். அதன் அருகே அசையாமல் உட்கார்ந்திருக்கும் செப்புக் கம்பிச் சுருள்கள் ஸ்டேட்டர். கடையில் இதைக் காயில் பிளேட் என்பார்கள். காந்தம் சுருளைக் கடக்கும்போதெல்லாம் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் மாறி மாறிக் கடப்பதால் அந்த மின்சாரமும் திசை மாறிக்கொண்டே இருக்கும். இதுதான் ஏசி. பேட்டரிக்கு ஒரே திசையில் பாயும் டிசி வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆர்ஆர் யூனிட். பக்கவாட்டு பேனலுக்குப் பின்னாலோ சீட்டுக்கு அடியிலோ, அலுமினியத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய பெட்டி. அதற்குள் ரெக்டிஃபையர், ரெகுலேட்டர் என்று இருவர். ரெக்டிஃபையர் ஏசியை டிசி ஆக்குகிறது. அதில் இருக்கும் டையோடு, தொட்டிக் குழாயில் பிளம்பர் போடும் நான்-ரிட்டர்ன் வால்வு மாதிரி, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டுமே விடும். ரெகுலேட்டர்தான் வழிகுழாய். வோல்டேஜ் சுமார் 14.5-ஐத் தாண்டப் பார்த்தால் மிஞ்சுவதைத் திருப்பிவிடும்.

இதுவரை சொன்னது: ஸ்டேட்டர் உற்பத்தி செய்கிறது, ரெக்டிஃபையர் திசையைச் சரிசெய்கிறது, ரெகுலேட்டர் அளவைக் கட்டுப்படுத்துகிறது, பேட்டரி சேர்த்து வைக்கிறது. இந்த நான்கையும் வயரும் கப்ளரும் இணைக்கின்றன.

## மிஞ்சும் மின்சாரம் எங்கே போகிறது?

பழைய பைக்குகளில் இருப்பது பெரும்பாலும் ஷண்ட் வகை ரெகுலேட்டர். வோல்டேஜ் எல்லையைத் தொட்டதும் இது ஸ்டேட்டரின் வயர்களைத் தனக்குள்ளேயே ஷார்ட் செய்துவிடும். மின்சாரம் பேட்டரிக்குப் போகாமல் காயிலுக்கும் ஆர்ஆர் யூனிட்டுக்கும் இடையிலேயே சுற்றி வெப்பமாகத் தீரும். நீங்கள் லைட் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், ஓரளவு வேகத்துக்கு மேல் ஸ்டேட்டர் ஏறக்குறைய முழுப் பளுவில்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது.

"லைட்டை அணைச்சு ஓட்டினா காயில் நீடிச்சு உழைக்கும்" என்பது பரவலான நம்பிக்கை. இந்த வகை வண்டியில் அதனால் காயிலுக்குச் சொல்லிக்கொள்ளும்படி லாபமில்லை. நீங்கள் எடுக்காத மின்சாரத்தை ஆர்ஆர் யூனிட் சூடாக விழுங்குகிறது, அவ்வளவுதான். அதேபோல் "எக்ஸ்ட்ரா லைட் போட்டா காயில் எரிஞ்சிடும்" என்பதும் முழு உண்மையல்ல. அளவுக்கு மீறி லைட் மாட்டினால் முதலில் காலியாவது பேட்டரி. காயில் எரிவதற்குக் காரணம் வேறு: வருடக்கணக்கான சூட்டில் செப்புக் கம்பி மேலிருக்கும் எனாமல் பூச்சு உதிர்ந்து, சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்வது.

ஆகவே ஆர்ஆர் யூனிட் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். மழைக்காலம் முடிந்ததும் அதன் தகடுகளுக்கு இடையில் அப்பியிருக்கும் சேற்றைப் பழைய டூத் பிரஷால் சுரண்டி எடுங்கள். அழகுக்காக அதை இடம் மாற்றி, காற்றே படாத மூலையில் கேபிள் டையால் கட்டி வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். பெட்டியின் முதுகு உலோகத்தோடு ஒட்டி இறுகியிருந்தால்தான் சூடு சேஸிஸுக்கு இறங்கும்.

## சிக்னலில் நிற்கும்போது

ஐடிலில், அதாவது முறுக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, காந்தம் மெதுவாகச் சுற்றுகிறது, உற்பத்தியும் குறைவு. செலவு குறைவதில்லை. ஹெட்லைட் 35 வாட், டெயில் லைட் 5, பிரேக்கை மிதித்துக்கொண்டே நிற்பதால் பிரேக் லைட் 21. மொத்தம் 61 வாட். பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் சுமார் 5 ஆம்பியர். ஐடிலில் காயில் 2 ஆம்பியர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 ஆம்பியர் பேட்டரியிலிருந்து போகிறது. நெரிசலில் மொத்தமாக இருபது நிமிடம் இப்படி நின்றால் 1 ஆம்பியர்-அவர் (ஒரு மணி நேரம் 1 ஆம்பியர் எடுத்தால் ஆகும் அளவு) காலி. 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அது ஐந்தில் ஒரு பங்கு.

வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே தினமும் போய் வரும் வண்டியில் செல்ஃப் போட்டுச் செலவழித்ததைத் திரும்ப ஏற்றக்கூட நேரம் கிடைக்காது. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே பேட்டரி இறங்கும். காலையில் கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்வது, சிக்னலில் பிரேக்கை விட்டுக் காலை ஊன்றி நிற்பது, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டுவது: இம்மூன்றும் இதற்குப் போதும். பேட்டரியிலிருந்து எரியும் லைட்டுகளை எல்இடியாக மாற்றினால் உண்மையான பலன் தெரிவதும் இந்த ஐடில் நேரத்தில்தான்.

வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு "சார்ஜ் ஏத்துறது" வேண்டாம். பெட்ரோல்தான் செலவாகும்.

## உண்மையான வில்லன்: கப்ளர்

ஸ்டேட்டரிலிருந்து ஆர்ஆர் யூனிட்டுக்குப் போகும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா? உள்ளே பித்தளை முனை கறுத்திருக்கிறதா, பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறதா? கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சர்வீஸ் சென்டரின் பிரஷர் வாஷும் சேர்ந்து இந்தக் களிம்பைச் சீக்கிரமே கொண்டுவந்துவிடும்.

களிம்பு என்றால் தடை. கணக்காகவே பார்க்கலாம். ஆர்ஆர் யூனிட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் சிவப்பு வயரின் கப்ளரில் வெறும் 0.1 ஓம் தடை இருக்கிறது, 8 ஆம்பியர் பாய்கிறது என்றால் அங்கே 0.8 வோல்ட் இழப்பு. ஆர்ஆர் யூனிட் 14.2 வோல்ட் அனுப்பினாலும் பேட்டரிக்குச் சேர்வது 13.4. வண்டி ஓடும், லைட் எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பேட்டரி எந்நாளும் முழுதாக நிரம்பாது. அரைகுறையாகவே கிடக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் பிடிக்காது. புதுப் பேட்டரி சில மாதங்களில் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இழந்த அந்த 0.8 வோல்ட், 8 ஆம்பியரோடு பெருக்கினால் 6.4 வாட் வெப்பம். ஒரு டெயில் லைட் பல்பைவிட அதிகம், விரல் நகம் அளவுள்ள முனைக்குள். சூட்டில் பித்தளை முனை தளர்கிறது, தளர்ந்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் சூடும் கூடுகிறது. கடைசியில் பிளாஸ்டிக் உருகி வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டும். அன்றைக்குத்தான் காயிலோ ஆர்ஆர் யூனிட்டோ போகிறது. அதுவரை ஒரு கான்டாக்ட் கிளீனர் பாட்டிலோடு முடிந்திருக்கவேண்டிய வேலை அது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யவேண்டியது இவ்வளவே. இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். பிளஸை முதலில் தொட்டால் ஸ்பானர் சேஸிஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது மைனஸ் கடைசி. கப்ளரைப் பிரித்து, வயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரின் உடலைப் பிடித்து இழுத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். பெண் முனை அகன்று லூஸாக இருந்தால் மூக்கு பிளையரால் மெல்ல நெருக்குங்கள். ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவிச் சொருகுங்கள்.

முனை கறுத்து உருகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. கறுத்த வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, புதிய முனையைக் கிரிம்ப் செய்து (வயரோடு நெரித்து இறுக்கி), புதிய கப்ளர் போடவேண்டும். இரண்டு வயரை முறுக்கி மேலே கறுப்பு டேப் சுற்றிவிடுவதுதான் நம்மூர் வழக்கம். சூட்டில் அந்த டேப்பின் பசை உருகி வழியும், உள்ளே ஈரம் தங்கும். அடுத்த வருடம் அதே இடத்தில் அதே கோளாறு.

## பெயின்ட் அடித்த பிறகு வரும் கோளாறு

மின்சாரம் திரும்பி வரும் பாதை எர்த். பைக்கில் இது சேஸிஸ் வழியாகப் போகிறது. ஹோண்டா வண்டிகளில் பச்சை வயரும் யமஹா வண்டிகளில் கறுப்பு வயரும் எர்த். இவை ஒரு வளைய முனையில் சேர்ந்து, போல்ட் மூலம் சேஸிஸிலோ என்ஜினிலோ இறுக்கப்பட்டிருக்கும்.

யமஹா ஆர்எக்ஸ் 100-ஐயோ பழைய புல்லட்டையோ புதுப்பிக்கிறவர்கள் சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்து, எல்லாவற்றையும் பளபளப்பாக மாட்டுவார்கள். வண்டி கண்ணுக்கு அம்சமாக இருக்கும், சார்ஜ் மட்டும் ஏறாது. காரணம், எர்த் போல்ட்டுக்கு அடியிலும் அந்தப் பூச்சு இருக்கிறது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. உடம்பு வழியாகவே எர்த் எடுக்கும் ஆர்ஆர் யூனிட்டுகளில் இது இன்னும் மோசம். போல்ட் உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரியவைத்து, இறுக்கிய பின் துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவவேண்டும்.

எர்த் கெட்டால் சில வண்டிகளில் நேர்மாறாகவும் நடக்கும். ரெகுலேட்டருக்கு உண்மையைவிடக் குறைந்த வோல்டேஜ் தெரிவதால் அது மேலும் மேலும் அனுப்பும். பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும், பல்புகள் அடுத்தடுத்து ஃபியூஸ் போகும்.

சுருக்கமாக: சார்ஜ் குறைவதும் மிகுவதும் ஒரே அழுக்கு இணைப்பால் வரலாம். ஆகவே உதிரிப்பாகம் வாங்குமுன் இணைப்புகள்.

## மல்டிமீட்டரால் பத்து நிமிடம்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எதையும் கழற்றாமல் முதல் மூன்று அளவுகளை எடுத்துவிடலாம்.

வண்டி இரவெல்லாம் நின்றபின் காலையில் பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழ் என்றால் காலி. காலி பேட்டரியோடு அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள். அது வோல்டேஜைக் கீழே இழுத்து, நல்ல காயிலையும் கெட்டதாகக் காட்டும். முதலில் சார்ஜரில் போட்டு நிரப்புங்கள்.

அடுத்து செல்ஃப் பட்டனை அழுத்தியபடி பார்க்கவேண்டும். 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே விழுந்தால் பேட்டரிதான் பலவீனம். இங்கே கடைக்காரர் சொன்னது சரி.

என்ஜின் ஓடும்போது, ஹெட்லைட் போட்டு, சுமார் 4000 ஆர்பிஎம் வரை முறுக்கி அளங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நலம். 13-ஐத் தொடவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரையோ அதன் எர்த்தையோ சந்தேகப்படுங்கள்.

குறைவாக இருந்தால்தான் வோல்டேஜ் டிராப் சோதனை. அதாவது, ஒரு வயரின் இரு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு தொலைகிறது என்று அளப்பது. பலரும் விட்டுவிடும் சோதனை இது, ஆனால் காசை மிச்சம் பிடிப்பதும் இதுதான். என்ஜின் அதே வேகத்தில் ஓட, மீட்டரின் ஒரு முனையை ஆர்ஆர் யூனிட்டின் சிவப்பு வயரிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ அழுக்கு இருக்கிறது. ஆர்ஆர் யூனிட்டின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் 0.2-க்குள் இருக்கவேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால் ஸ்டேட்டர். என்ஜினை அணைத்து ஸ்டேட்டர் கப்ளரைக் கழற்றுங்கள். ஒரே நிறத்தில் மூன்று வயர் வரும் வண்டிகளில், இரண்டிரண்டாக மூன்று விதத்திலும் அளந்தால் ஒரே மாதிரி சிறிய தடை, ஒரு ஓமுக்கும் குறைவாக வரவேண்டும். மீட்டர் வயருக்கே கொஞ்சம் தடை உண்டு. இரு முனைகளையும் சேர்த்துவைத்து வருவதைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் எதுவும் என்ஜின் உடலோடு தொடர்பு காட்டக் கூடாது, காட்டினால் காயில் எரிந்துவிட்டது. கப்ளரைக் கழற்றியபடியே என்ஜினை ஓட்டி ஏசியில் அளந்தால் மூன்று அளவும் சமமாக ஏறவேண்டும். வேகம் கூடினால் 50 வோல்ட்டைத் தாண்டக்கூடும், விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வயர் வராத சிறிய சிங்கிள்-பேஸ் வண்டிகளில் காயிலின் ஒரு முனை என்ஜினிலேயே எர்த் ஆகியிருக்கும். அங்கே தொடர்பு காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துக் காயிலை மாற்றிவிடாதீர்கள்.

நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி தானாக இறங்கினால், இக்னிஷனை அணைத்துவிட்டு பேட்டரி மைனஸ் முனைக்கும் அதன் வயருக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் இணையுங்கள். பெரிய அளவில் தொடங்கி மில்லி ஆம்பியருக்கு இறங்குங்கள். அப்போது சாவியைப் போடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போகும். கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில் ஒரு மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. 20 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-அவர். 5 ஆம்பியர்-அவர் பேட்டரி பத்து நாளில் வற்றிவிடும். ஆர்ஆர் கப்ளரைக் கழற்றியதும் கசிவு நின்றால் உள்ளே டையோடு போய்விட்டது.

## புல்லட்டும் ஆர்எக்ஸும்

எல்லா வண்டிக்கும் ஒரே வைத்தியம் பார்க்கமுடியாது. திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில், பாயிண்ட் (ஸ்பார்க் வரவேண்டிய நேரத்தில் திறந்து மூடும் சிறிய சுவிட்ச்) இருக்கும் மாடல்களின் ஸ்பார்க்கே பேட்டரியை நம்பித்தான் வருகிறது. பேட்டரி இறங்கினால் உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும். ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பலர் அலங்காரமாகவே நினைக்கிறார்கள். வேகமெடுத்ததும் ஊசி பிளஸ் பக்கம் சாயாமல் மைனஸிலேயே கிடந்தால் சார்ஜ் இல்லை என்று அர்த்தம். அந்த மீட்டர் வழியாகத்தான் பேட்டரியின் மின்சாரமே போய்வருகிறது. பின்னாலிருக்கும் நட் லூஸானால் வண்டி முழுக்க இருட்டு. ஸ்டேட்டர் பிரைமரி செயின் அறைக்குள் எண்ணெயோடு இருப்பதால், வெளியே வரும் வயரின் உறை நாளடைவில் இறுகி வெடிக்கும், செயினில் உரசவும் செய்யும். அந்த மூடியைத் திறக்கும்போதெல்லாம் வயரைப் பாருங்கள். ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) சுற்றிலும் தடையின்றி நுழையவேண்டும்.

ஆர்எக்ஸ் 100-இல் ஹெட்லைட் நேராகக் காயிலின் ஏசியிலேயே எரிகிறது, ஸ்பார்க்கும் மேக்னெட்டிலிருந்தே வருகிறது. பேட்டரி செத்தாலும் வண்டி ஓடும். ஐடிலில் ஹெட்லைட் மங்குவது இதில் கோளாறே இல்லை. முறுக்கும்போது பல்பு திரும்பத் திரும்ப ஃபியூஸ் போனால் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

## பேட்டரிக்குச் செய்யவேண்டியது

தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து, மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது. ஆசிட்டும் வேண்டாம், வற்றுவது தண்ணீர்தான். ஆவிக்குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, மாட்டியபின் வாசலின் தடவலாம். வெளிச் சார்ஜரில் ஏற்றும்போது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர்: 9 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.9. கார் பேட்டரி சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் "ஃபுல்" செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, "வண்டி நிக்கல, அப்ப காயில் நல்லாயிருக்கு" என்று சோதிக்கும் பழைய வித்தையும் வேண்டாம். தாங்கிப்பிடிக்கும் பேட்டரி இல்லாமல் வோல்டேஜ் துள்ளும். ரெகுலேட்டர், பல்பு, ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டி எதுவும் போகலாம். சேஸிஸில் வெல்டிங் வைக்குமுன் பேட்டரியையும் ஆர்ஆர் கப்ளரையும் கழற்றச் சொல்லுங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ் போடவேண்டும். அங்கே ஒற்றை இழைச் செம்புக் கம்பி சுற்றினால், அடுத்த முறை எரிவது வயரிங்.

## காயில் போயேவிட்டால்

ரீவைண்டிங் செய்யலாம், செய்பவரைப் பொறுத்தது. பழைய கம்பியின் கேஜ், சுற்றுகளின் எண்ணிக்கை, சுற்றும் திசை மூன்றும் மாறக் கூடாது. என்ஜின் சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் எனாமல் கம்பி வேண்டும். சுற்றியபின் வார்னிஷில் முக்கி அடுப்பில் வேகவைத்திருக்கவேண்டும். ஃபேன் மோட்டாருக்குச் சுற்றும் கம்பியால் சுற்றித் தந்தால் கொஞ்ச நாள்தான். ரோட்டாரைக் கழற்ற அதற்குரிய புல்லர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். சுத்தியலால் தட்டினால் காந்தம் விரிசல் விடும். வேலை முடிந்ததும் பழைய கப்ளரையே சொருகித் தரவிடாதீர்கள். முனையும் கப்ளரும் புதிதாக இருக்கவேண்டும். வண்டியை எடுக்குமுன் கடையிலேயே நின்று, ஹெட்லைட் போட்டு, 4000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.